பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 வாங்க முன்னர்: பிரித்தானியாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூரையைத் திறந்து ஓடும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் பெரிய கடன் படாமல் வாங்க வேண்டும் என்றால், பிரித்தானியாவில் பேச்சு பெரும்பாலும் மஸ்டா எம்எக்ஸ்-5 இல்தான் வந்து நிற்கும். வாங்க விரும்பும் எம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறோம். இந்தக் கார்களில் எஞ்சின் பழுதாகிக் கைவிடப்படுவதைவிடக் கறள் பிடித்து உடைக்கப்படுவதுதான் அதிகம். அதனால் பதில்களில் கணிசமான பகுதி காரின் அடிப்பக்கத்தைப் பற்றியது.

மார்க் 1, மார்க் 2 எண்டெல்லாம் சொல்லுகினம். எது எது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

மார்க் என்பது தலைமுறை. முன்விளக்குகள் மேலெழும்பி வந்தால் அது மார்க் 1. 1989 முதல் 1997 வரை செய்யப்பட்டது. பிரித்தானியாவில் 1990 இல் விற்பனைக்கு வந்தது. விளக்குகள் உடம்போடு பதிந்திருக்க, உருவம் ஏறத்தாழ அதேபோல இருந்தால் மார்க் 2 (1998–2005). இதில் 2001 இல் முகம் கொஞ்சம் மாற்றப்பட்டதை மார்க் 2.5 என்பார்கள். 2005 இல் வந்த மார்க் 3 முழுக்கப் புதிய கார், சற்றுப் பெரியது. துணிக்குப் பதிலாக மடியும் கடினக் கூரை கொண்ட வகை 2006 முதல் இதில் உண்டு. 2015 முதல் இன்றுவரை மார்க் 4.

நான்குமே முன்னால் எஞ்சின், பின்சில்லு இழுவை, இரண்டே இருக்கை. ஆனால் பழுது வருமிடம் ஒவ்வொன்றிலும் வேறு. விளம்பரத்தைப் பார்த்ததும் முதலில் எந்த மார்க் என்று தீர்மானித்துக்கொண்டு, கீழே அதற்குரிய பதிலுக்குப் போங்கள்.

ஆகக் குறைஞ்ச விலையில கிடக்கிற ஒண்டை வாங்கித் திருத்தி எடுத்தால் லாபம்தானே?

இல்லை. உதிரிப்பாகங்கள் மலிவு என்பது உண்மை. கிளச் சிலிண்டர், றேடியேற்றர், பிரேக், சஸ்பென்ஷன் புஷ் என எல்லாமே எளிதாகக் கிடைக்கும். கை வேலை தெரிந்தவர் வீட்டு வாசலிலேயே மாற்றலாம். ஆனால் மலிவு விலையில் விற்கப்படும் காருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது வெல்டிங். அதில் காசு பாகத்துக்குப் போவதில்லை, மணித்தியாலக் கூலிக்குப் போகிறது. இரண்டு பக்கமும் தகடு வெட்டி ஒட்டி, பெயின்ற் அடித்து முடிக்கும்போது, கறள் இல்லாத காருக்குக் கூடுதலாகக் கொடுத்திருக்கக்கூடிய காசைத் தாண்டிவிடும்.

உங்கள் வரவுசெலவுக்குள் கிடைக்கும் கார்களில் உடம்பு ஆக நல்லதாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். எஞ்சினில் சிறு குறை, கிழிந்த சீற், மங்கிய பெயின்ற் இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

பார்க்கப் போகேக்க என்னென்ன கொண்டு போகோணும்?

நல்ல வெளிச்சமுள்ள ரோர்ச், துணி சுற்றிய சிறு காந்தம், நிலத்தில் விரிக்க ஒரு பழைய பாய், கையுறை, கை துடைக்கக் கடதாசி, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல். 2001 இற்குப் பிந்திய காராக இருந்தால் எஞ்சின் கணினியில் பதிந்த பழுதுகளைக் காட்டும் மலிவான ஓபிடி வாசிப்பான் ஒன்றும் எடுங்கள். பகலில், மழை இல்லாத நேரம் போங்கள். ஈரம் பெயின்ற் குறைகளை மறைத்துவிடும். எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவருக்கு முதலே சொல்லுங்கள். போனதும் பொனற்றில் கையை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும்.

மார்க் 1-ல கறள் எங்க பிடிக்கும்? எப்பிடித் தேடுறது?

கதவுக்குக் கீழே, முன்சில்லிலிருந்து பின்சில்லு வரை ஓடும் பெட்டித் தகட்டின் பின்முனையில். எம்.ஓ.ரீ. (வருடாந்தத் தகுதிச் சோதனை) பத்திரத்தில் இதைச் ‘சில்’ என்று எழுதுவார்கள். சில்லோடு குழம்பாமல் இருக்க இங்கே கதவடித் தகடு என்கிறோம். அதை ஒட்டியுள்ள பின்சில்லின் வளைவும் சேர்ந்தே அழுகும்.

காரணம் மழைத்தண்ணீர். கூரைத் துணியில் விழும் தண்ணீர் பின்பக்கத்தால் இறங்கி, சீற்பெல்ற் தூண்களுக்குப் பின்னால் உள்ள இரண்டு வடிகுழாய்களால் பின்சில்லுக்கு முன்னே நிலத்தில் விழ வேண்டும். இலையும் தூசியும் அந்தக் குழாயை அடைத்தால் தண்ணீர் கதவடித் தகட்டுக்குள்ளும் கார்ப்பெற்றுக்குக் கீழும் போய்த் தங்கும். தகடு உள்ளிருந்து வெளியே அழுகுவதால், வெளியில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். வெளிக் கொப்புளத்தைச் “சின்னக் கறள்” என்று எழுதும் விளம்பரங்களை அப்படியே நம்ப வேண்டாம்.

தேடும் முறை: பாயை விரித்துப் பின்சில்லுக்கு முன்னே படுத்து, கதவடித் தகட்டின் அடிவிளிம்பைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு போங்கள். நல்ல தகடு அசையாது. பிறகு காந்தத்தை ஓட்டுங்கள். திடீரென ஒட்டாத இடத்தில் பில்லர் (பள்ளம் நிரப்பும் பூச்சு) பூசியிருக்கிறது. இரண்டு பக்க விளிம்பின் வடிவமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மழுங்கி இருந்தால் மேலே தகடு ஒட்டியிருக்கிறார்கள். கடைசியாக, விற்பவரின் அனுமதியோடு கூரையைத் திறந்து வடிகுழாய் வாயில் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். உடனே கீழே கொட்ட வேண்டும். தேங்கி நின்றால் சீற்றுக்குப் பின்னால் கார்ப்பெற்றைக் கையால் அமுக்கிப் பாருங்கள். அங்கே ஈரம் இருக்கும்.

மார்க் 2 வெளியில பளபளவெண்டு கிடக்கு. அதுக்கும் கறளோ?

மார்க் 2 இலும் மார்க் 2.5 இலும் மேலே சொன்ன இடங்களோடு, இன்னும் மோசமான ஓரிடம் உண்டு: எஞ்சினின் இருபுறமும் முன்பின்னாக ஓடும் சாசி றெயில்கள். மோதலில் பலம் கொடுக்க உள்ளே இன்னொரு தகடு வைத்து இரட்டையாக்கியிருக்கிறார்கள். தகடுகளுக்கு இடையில் உப்புத்தண்ணீர் புகுந்தால் காய வழியில்லை. குளிர்காலத்தில் இந்நாட்டு வீதிகளில் உப்புப் போடுவதால் சில குளிர்காலங்களிலேயே கறள் தொடங்கிவிடும். மேலே நின்று பார்க்கும் எவருக்கும் இது தெரியாது.

பார்க்க, ஸ்ரியறிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, சில்லு வளைவுக்குள்ளால் ரோர்ச் அடியுங்கள். பிறகு மற்றப் பக்கம். றெயிலின் கீழ்ப்பக்கமும் தகடுகள் சேரும் விளிம்பும் உப்பியிருந்தாலோ, செதில் செதிலாக உரிந்தாலோ அது கூடாது. எஞ்சினுக்கு அடியில் உள்ள பிளாஸ்ரிக் தட்டு பெரும்பகுதியை மறைக்கும். அதைக் கழற்றி, காரை லிஃப்ற்றில் ஏற்றிப் பார்ப்பதுதான் சரி. அருகிலுள்ள கராஜில் அரை மணித்தியாலக் கூலி நீங்களே கொடுப்பதாகச் சொல்லுங்கள். அதற்கும் சம்மதிக்காத விற்பனையாளரின் மார்க் 2 ஐ வாங்க வேண்டாம். இந்த ஒரு விடயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எம்.ஓ.ரீ. புதுசா எடுத்திருக்கு எண்டால் கார் நல்லம்தானே?

சோதித்த நாளில் குறைந்தபட்சத் தகுதி இருந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. சோதிப்பவர் எதையும் கழற்றிப் பார்க்க மாட்டார். மேலே சொன்ன பிளாஸ்ரிக் தட்டுக்கு உள்ளே இருப்பது அவருக்கும் தெரியாது.

புதிய பத்திரத்தைவிடப் பழைய வரலாறுதான் பெறுமதியானது. அரசாங்க இணையத்தளத்தில் காரின் இலக்கத்தை மட்டும் கொடுத்தால், இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் கார்களுக்கு 2005 முதலான பெறுபேறுகள் இலவசமாக வரும்: தேறியது, தவறியது, எச்சரிக்கைக் குறிப்புகள், மைல் கணக்கு. கறள் பற்றிய வரிகளை ஆண்டு வரிசையில் வாசியுங்கள். ஒரு வருடம் “கதவடித் தகட்டில் கறள்” என்ற எச்சரிக்கை, அடுத்த வருடம் தவறி வெல்டிங் செய்து தேறியது என்றிருந்தால் கதை புரிகிறது. எச்சரிக்கை இருந்து, தவறாமல், வெல்டிங் ரசீதும் இல்லாமல் அடுத்த வருடம் வெறுமனே மறைந்திருந்தால், மேலே எதையோ பூசி மறைத்திருக்கிறார்கள் என்றே எடுங்கள்.

அடியில கறுப்பா, புதுசாப் பூசிக் கிடக்கு. அது நல்லதுதானே?

எப்போது, எதன்மேல் பூசினார்கள் என்பதைப் பொறுத்தது. கறளைச் சுரண்டி, தடுப்பு மருந்து பூசி, பெட்டித் தகடுகளுக்குள் மெழுகு விசிறிய வேலைக்குப் படங்களும் ரசீதும் இருக்கும். அது காருக்கு நீண்ட ஆயுள் தரும். விற்பதற்கு முதல் வாரம் தடித்த தார் போலப் பூசியது உள்ளே ஈரத்தைப் பூட்டி வைக்கும். பூச்சு இன்னும் மணத்தாலோ, குழாய்களிலும் போல்ற்றுகளிலும் சிந்தி இருந்தாலோ இரண்டாவது வகை.

எஞ்சினில டிக் டிக் எண்டு சத்தம் கேக்குது. முடிஞ்சுதோ?

மார்க் 1 என்றால் பயப்பட வேண்டாம். அதில் வால்வுகளின் இடைவெளியை ஒயில் அழுத்தத்தால் தானே சரிசெய்யும் சிறு ஹைட்ரோலிக் துண்டுகள் உள்ளன. கார் அதிகம் நின்றாலோ ஒயில் நேரத்துக்கு மாற்றப்படாவிட்டாலோ அவை வெறுமையாகித் தட்டும். குளிரில் தொடங்கிச் சில நிமிடங்களில் அடங்கினால் வழமை. சூடான பின்னும் விடாமல் தட்டினால் நல்ல ஒயில் இரண்டு முறை அடுத்தடுத்து மாற்றிப் பார்க்கலாம். விலையில் அதற்கேற்பக் கேளுங்கள்.

கீழிருந்து வரும் கனமான ‘டொக் டொக்’, அதுவும் அக்சிலறேற்றர் கொடுக்கும்போது கூடினால், அது பெயரிங் சத்தம். அந்த எஞ்சினை விட்டுவிடுங்கள். ஒயில் அழுத்த மானியை வைத்து முடிவெடுக்கவும் வேண்டாம்: 1994 வரையான மார்க் 1 இல் அது உண்மையாக அளக்கும், 1995 முதல் வெறும் ‘இருக்கு, இல்லை’ சுவிச்தான், முள் நடுவில் நிற்பது எதையும் நிரூபிக்காது.

ரைமிங் பெல்ற் அறுந்தால் எஞ்சின் போயிடுமாமே?

மார்க் 1 எஞ்சினில் பெல்ற் அறுந்தாலும் வால்வும் பிஸ்ரனும் மோதாது. கார் நின்றுவிடும், அவ்வளவுதான். ஆனாலும் 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். றப்பர் வயதாலும் கெடும். ரசீது இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே கணக்குப் போடுங்கள். மாற்றும்போது தண்ணீர்ப் பம்பையும் முன்பக்க ஒயில் சீல்களையும் சேர்த்து மாற்றினால் கூலி ஒருமுறையோடு போகும். மார்க் 2 உம் பெல்ற்தான். மார்க் 3, மார்க் 4 இரண்டிலும் சங்கிலி.

அப்போதே றேடியேற்றரின் மேற்பகுதிப் பிளாஸ்ரிக்கையும் பாருங்கள். கறுப்பாக இருக்க வேண்டியது மண்ணிறமாக மாறியிருந்தால் வெடிக்கும் நாள் நெருங்கிவிட்டது.

1990 கார் ஒண்டு பார்த்திருக்கிறன். கிராங்க் பிரச்சினை வரும் எண்டு பயப்படுத்துகினம்.

1991 வரையான ஆரம்பகால 1.6 எஞ்சின்களில் கிராங்கின் (பிஸ்ரன்கள் சுழற்றும் தண்டு) முன்முனை குட்டை. பெல்ற் மாற்றியவர் நடுப் போல்ற்றைச் சரியாக இறுக்காவிட்டால், முனையில் உள்ள சிறு சாவித்துண்டு தேய்ந்து கப்பி ஆடத் தொடங்கும். பிறகு கிராங்கின் பள்ளமே அகன்றுவிடும். முன்பக்கக் கப்பியின் நடுப்பகுதியில் வெட்டுப் பிளவுகளை எண்ணுங்கள்: நான்கு என்றால் குட்டை முனை, எட்டு என்றால் பிற்கால நீள முனை.

நான்கு என்பதற்காக மட்டும் விட வேண்டாம். பல கார்கள் இன்றும் பிரச்சினையின்றி ஓடுகின்றன. எஞ்சினை ஓடவிட்டுக் கப்பியை நேர் முன்னால் இருந்து பாருங்கள். ஆடாமல் சுழன்றால் சரி. ஆடினால், அல்லது இழுவை காரணமின்றிக் குறைந்திருந்தால், வேறு கார் பாருங்கள்.

எஞ்சினுக்குப் பின்பக்கத்தால ஒயில் ஒழுகுது. கியர்பெட்டி இறக்கோணும் எண்டு கராஜில சொல்லுகினம்.

முதலில் மேலே பாருங்கள். மார்க் 1 இல் எஞ்சின் தலையின் பின்முனையில் கேம் கோண உணரி இருக்கிறது. அதன் சிறு றப்பர் வளையம் காய்ந்தால் ஒயில் பின்சுவரால் வழிந்து கியர்பெட்டி சேரும் இடத்தில் சொட்டும். கிராங்கின் பின்சீல் போனதுபோலவே தெரியும். வளையம் மிக மலிவு. மேல்மூடியின் கஸ்கெற்றும் இதே மாதிரி ஏமாற்றும். துடைத்துவிட்டு, ஓடிய பின் கையை விட்டு எது மேலிருந்து ஈரமாகிறது என்று பார்த்த பின்னரே பெரிய வேலைக்குச் சம்மதியுங்கள்.

மார்க் 3 ஒயில் குடிக்குமாம். உண்மையோ?

உண்மை. மார்க் 3 இன் 1.8, 2.0 எஞ்சின்கள் வலுவானவைதான். ஆனால் சில ஒயிலை எரிக்கும். மொத்தக் கொள்ளளவே ஏறத்தாழ 4.3 லீற்றர் என்பதால், சர்விசுக்குச் சர்விஸ் மட்டும் பார்க்கும் சொந்தக்காரரிடம் அளவு ஆபத்தான மட்டத்துக்கு இறங்கிவிடும். பெயரிங் போவது அப்படித்தான்.

போனதும், எஞ்சின் தொடங்க முன்னர், அளவுக்கோலை இழுங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால் அந்தக் காரின் பராமரிப்பு முழுவதையும் சந்தேகியுங்கள். “எத்தனை மைலுக்கு ஒருக்கா ஒயில் விடுறனீங்கள்?” என்று கேளுங்கள். சரியான எண்ணைச் சொல்பவர், “விடத் தேவையே இல்லை” என்பவரைவிட நம்பத்தக்கவர். மார்க் 3 இலும் பின்சில்லு வளைவும் அடியிலுள்ள சஸ்பென்ஷன் சட்டங்களும் கறள் பிடிக்கும். மேலே சொன்ன விதமாகவே பாருங்கள்.

கிளச் மிதி கீழ போயிடுது, கியர் விழுகுதில்லை. கிளச் மாத்தோணுமோ?

பெரும்பாலும் இல்லை. கியர்பெட்டியின் வலப்பக்கத்தில் உள்ள சிறு கிளச் சிலிண்டர் இந்தக் கார்களில் அடிக்கடி ஒழுகும். அதன் றப்பர் உறையை விரலால் ஒதுக்குங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அதுதான். பாகம் மலிவு, வேலையும் ஒரு பின்னேரத்துக்குள் முடியும். மேலே உள்ள தலைமைச் சிலிண்டரையும் சேர்த்து மாற்றுங்கள். புதியதன் அழுத்தத்தில் பழையது விரைவில் விட்டுக்கொடுக்கும்.

கிளச் தட்டே தேய்ந்ததா என்பதை ஓடும்போது அறியலாம்: உயர் கியரில், குறைந்த வேகத்தில் அக்சிலறேற்றரை முழுக்க அமத்துங்கள். எஞ்சின் சுற்று ஏறியும் வேகம் ஏறாவிட்டால் தட்டு முடிந்துவிட்டது.

ஓடிப் பார்க்கேக்க எதில கவனம் வைக்கோணும்?

முதலில் உங்கள் காப்புறுதி அந்தக் காரை ஓட்ட இடம் தருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். குளிரில் இரண்டாம் கியர் கொஞ்சம் முரண்டு பிடிப்பது மார்க் 1, 2 இல் வழமை. பத்து மைலுக்குப் பின்னும் அரைத்தால் சின்க்றோ (கியரை மென்மையாக விழவைக்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது. மார்க் 4 இன் ஆரம்பகாலக் கார்களில் ஆறு கியர்ப் பெட்டி பழுதான சம்பவங்கள் உண்டு. அவற்றில் ஒவ்வொரு கியரிலும் ஏற்றி இறக்கிச் சத்தம் கேளுங்கள்.

அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்துக் கொஞ்சத் தூரம் உருளவிட்டு, மறுபடி அமத்தும்போது பின்னால் நீலப்புகை வந்தால் வால்வுச் சீல். மணிக்கு 60–65 மைலில் ஸ்ரியறிங் நடுங்குவது இந்தக் காரின் பழக்கமான குறை. பெரும்பாலும் சில்லுச் சமநிலை. நிறுத்தியதும் நான்கு சில்லுக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். பின்சில்லொன்று மட்டும் கொதித்தால் அந்த பிரேக் கலிப்பர் இறுகியிருக்கிறது. ஹான்ட்பிரேக்கும் அங்கேயே வேலை செய்வதால் அதுவும் பலவீனமாக இருக்கும்.

நாலு சில்லு அலைன்மென்ற் பத்திரம் கேட்கச் சொல்லுகினம். ஏன் அவ்வளவு முக்கியம்?

எம்எக்ஸ்-5 இல் நான்கு சில்லின் கோணங்களையும் நீண்ட போல்ற்றுகளைத் திருப்பிச் சரிசெய்வார்கள். கறளில் அந்தப் போல்ற்றுகள் புஷ்ஷின் இரும்புக்குள் இறுகிவிடும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். எட்டுப் புஷ்ஷும் போல்ற்றும் கூலியும் சேர்ந்து கனமான செலவு. அண்மையில் அலைன்மென்ற் செய்து, செய்ய முன்னரும் பின்னரும் எடுத்த அளவுகள் அச்சிட்ட தாள் இருந்தால், போல்ற்றுகள் திரும்புகின்றன என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. இந்தக் காரின் இனிமை முழுவதும் அந்தக் கோணங்களில்தான் இருக்கிறது.

ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். குறைவாக ஓடும் கார் என்பதால் தடம் ஆழமாகவே இருக்கும். றப்பர் பத்து வருடம் பழையதாக இருக்கலாம்.

கூரையில, டிக்கியில என்ன பார்க்கோணும்?

துணி மடியும் விளிம்புகள், பின்கண்ணாடி தைக்கப்பட்ட ஓரம். மார்க் 1 இல் பின்பக்கம் பிளாஸ்ரிக். அதன் ஸிப்பைத் திறக்காமல் மடித்தால் கோடு விழுந்து வெடிக்கும். டிக்கியில் பற்றறியைத் தூக்கிப் பாருங்கள் (மார்க் 1, 2 இரண்டிலும் அங்கேதான் இருக்கிறது). அமிலக் காற்றை வெளியே கொண்டுபோகும் குழாய் உள்ள வகைதான் போட வேண்டும். சாதாரணப் பற்றறி போட்ட கார்களில் அடித்தகடு கரைந்திருக்கும்.

இடிபட்ட காரோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

பொனற், கதவு, டிக்கி இடைவெளிகள் இருபக்கமும் ஒத்திருக்க வேண்டும். முன் மட்காட்டைப் பிடித்திருக்கும் போல்ற்றுத் தலைகளில் பெயின்ற் உடைந்திருந்தால் கழற்றியிருக்கிறார்கள். டிக்கிக் கார்ப்பெற்றை உயர்த்தி, தரைத்தகட்டில் சுருக்கம் தேடுங்கள். பின்சில்லு இழுவைக் கார் ஈரத்தில் சுழன்று பின்பக்கம் அடிபடுவது சாதாரணம்.

காசு கொடுத்துச் செய்யும் வரலாற்றுச் சோதனையில் காப்புறுதி நிறுவனம் கழித்த கார்களா என்பது தெரியும். 2017 ஒக்ரோபர் முதல் ‘எஸ்’ என்றால் கட்டமைப்புச் சேதம், ‘என்’ என்றால் அப்படியில்லாதது; அதற்கு முன்னர் சி, டி. ‘என்’ கார் ஒழுங்காகத் திருத்தப்பட்டிருந்தால் வாங்கலாம், விலை தெளிவாகக் குறைவாக இருக்க வேண்டும். அதே சோதனை கடன் பாக்கியையும் காட்டும். கடன் உள்ள காரை வாங்கினால் பறிபோகலாம்.

யூனோஸ் றோட்ஸ்ரர் எண்டு போட்டிருக்கு. ஜப்பான் கார் வாங்கலாமோ?

அது ஜப்பான் சந்தைக்கான மார்க் 1. தாராளமாக வாங்கலாம். இந்நாட்டில் விற்ற கார்களின் சாசி எண் ஜே.எம்.இசட். என்று தொடங்கும் 17 இடம் கொண்டது. இறக்குமதியில் என்.ஏ.6 அல்லது என்.ஏ.8 என்று தொடங்கும் குறுகிய எண், முன்னையது 1.6, பின்னையது 1.8.

இரண்டு விடயம் கவனியுங்கள். மானி கிலோமீற்றரில் இருந்ததை இங்கே மைலுக்கு மாற்றியிருப்பார்கள், எம்.ஓ.ரீ. வரலாற்றில் எண் எங்கே குதிக்கிறது என்று பாருங்கள். கறள் குறைவு என்பது வந்திறங்கிய காலத்துக்கு மட்டுமே பொருந்தும். இங்கே இருபது குளிர்காலம் கண்ட இறக்குமதியும் மற்றக் கார் போலத்தான். காப்புறுதி விலையைக் காருக்குக் காசு கொடுக்க முன்னர் கேளுங்கள்.

லண்டனில இருக்கிறன். யூலெஸ் கட்டோணுமோ?

யூலெஸ் என்பது புகைத் தரம் எட்டாத வாகனங்களிடம் கட்டணம் அறவிடும் வலயம். 2023 ஓகஸ்ட் 29 முதல் அது லண்டனின் எல்லா நகரசபைப் பிரிவுகளையும் உள்ளடக்குகிறது. தகுதியற்ற காரை ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண், நத்தார் தினம் மட்டும் விலக்கு. பெற்றோல் கார்களுக்கு யூரோ 4 புகைத் தரம் தேவை. மார்க் 3, 4 பொதுவாகத் தேறும். மார்க் 1 பொதுவாகத் தேறாது. மார்க் 2 இல் காருக்குக் கார் வேறுபடும். ஒரே வருடக் கார்கள் இரண்டில் ஒன்று தேறி மற்றது தேறாமல் போகலாம். லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் தளத்தில் இலக்கத்தைப் போட்டுப் பார்த்துவிட்டே பயணம் கிளம்புங்கள். 40 வயதான வரலாற்றுக் கார்களுக்கு விலக்கு உண்டு. அந்த வயதுக்கு எந்த எம்எக்ஸ்-5 உம் இன்னும் வரவில்லை.

லொக்புக் அவற்ற பெயரில இருக்கு. அப்ப கார் அவருடையதுதானே?

லொக்புக் எனப்படும் வி5சி பத்திரம் பதிவுசெய்யப்பட்ட வைத்திருப்பவர் யார் என்பதைத்தான் சொல்கிறது, உரிமையை நிரூபிக்காது. வாங்கிய ரசீதையும் கேளுங்கள். பத்திரத்தில் உள்ள விலாசத்திலேயே காரைப் பாருங்கள். கடை வாசலிலோ, பெற்றோல் நிலையத்திலோ சந்திக்கச் சொன்னால் போக வேண்டாம். காரில் பொறித்த சாசி எண் பத்திரத்தோடு ஒத்திருக்க வேண்டும். வீதிவரி காரோடு வராது. புதிய வைத்திருப்பவருக்கான துண்டில் உள்ள 12 இலக்க எண்ணால் அந்த இடத்திலேயே வரி கட்டி, காப்புறுதியும் எடுத்த பின்னரே ஓட்டி வாருங்கள்.

கடையில வாங்கிறதோ, ஆளிட்ட வாங்கிறதோ நல்லம்?

வியாபாரியிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் பக்கபலம்: கடுமையான குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். தனியாளிடம் வாங்கினால், விளம்பரத்தில் சொன்னபடி கார் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அதிகம் கேட்க முடியாது. ஆகவே விளம்பரத்தைப் படம் பிடித்து வையுங்கள். தனியாள் வேடத்தில் விற்கும் வியாபாரிகளும் உண்டு. தொலைபேசியில் “காரைப் பற்றி எடுத்தனான்” என்று மட்டும் சொல்லுங்கள். “எந்தக் கார்?” என்று கேட்டால் விளங்கிக்கொள்ளலாம்.

ரெண்டு சீற்தான். பிள்ளையை ஏத்தலாமோ?

12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை பிள்ளைக்குரிய சீற் வேண்டும். பின்னோக்கிய குழந்தைச் சீற்றை, இயங்கும் எயார்பாக் உள்ள முன்சீற்றில் வைப்பது சட்டவிரோதம், உயிராபத்தும்கூட. கைக்குழந்தை உள்ள வீட்டில் இதை இரண்டாவது காராக மட்டும் நினையுங்கள்.

30,000 மைல் ஓடின காரும் இருக்கு, 110,000 ஓடின காரும் இருக்கு. குறைஞ்சதைத்தானே எடுக்கோணும்?

கட்டாயமில்லை. குறைவாக ஓடிய கார் வெளியே மழையில் நின்றிருந்தால் வடிகுழாய் அடைத்து, பிரேக் இறுகி, சீல்கள் காய்ந்து, ரயர் வெடித்திருக்கும். வருடா வருடம் ஒயில் மாற்றி, கராஜுக்குள் நின்று, 110,000 ஓடிய மார்க் 1 அதைவிட நல்ல கார். மைலுக்குக் காசு கொடுக்காமல், காய்ந்த இடத்தில் நின்றதற்கும் ரசீதுக் கட்டுக்கும் காசு கொடுங்கள்.

கறள் இருக்கு எண்டு தெரியும், ஆனால் கார் பிடிச்சிட்டுது. வாங்கலாமோ?

இடத்தைப் பொறுத்தது. சில்லு வளைவின் வெளிவிளிம்பு மட்டும் என்றால் பேரம் பேசி வாங்கலாம். சஸ்பென்ஷன், ஸ்ரியறிங், சீற்பெல்ற் பிடிமானங்களிலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் பலவீனப்படுத்தும் கறள் இருந்தால் எம்.ஓ.ரீ. தவறும். அங்கே ஒட்டும் தகட்டைச் சுற்றிவரத் தொடர்ச்சியாக வெல்ட் செய்ய வேண்டும். பில்லர், பசை எதுவும் ஏற்கப்படாது. கதவடித் தகட்டின் பின்முனையும் மார்க் 2 இன் சாசி றெயிலும் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளேயே வருகின்றன.

வாங்கத்தான் வேண்டும் என்றால், படங்களோடு இரண்டு வெல்டிங்காரரிடம் எழுத்தில் விலை கேளுங்கள். வெட்டித் திறந்த பின் வேலை கூடும் என்பதால் அதோடு பாதியைக் கூட்டுங்கள். அந்தத் தொகையை, அதே மார்க்கில் கறளற்ற கார் ஒன்றின் விலையிலிருந்து கழித்து வருவதுதான் நீங்கள் கொடுக்கக்கூடிய ஆக உயர்ந்த விலை. விற்பவர் அதற்கு இறங்காவிட்டால் கார்த்திகை, மார்கழி வரை பொறுங்கள். குளிர் தொடங்கியதும் கூரை திறக்கும் கார்களைத் தேடுவோர் குறைவு. விலை இறங்குவதோடு, ஈரம் எங்கே ஒழுகுகிறது என்பதும் அப்போதுதான் தெரியும்.